முப்பதாவது நாக்கு

விஞ்ஞானப் பட்டத்தின் நான்காம் வருடத்தில் இருப்பவர்களிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. அவர்கள் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, தரவுகள்தான் தெரியும். இதை நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நானே அப்படி ஒருத்தியாக இருந்தேன்.

சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்தது. (கடைசி என்பதை வீட்டில் சொல்லவில்லை.) அன்றிலிருந்து அலவத்துகொட பஸ்ஸில் ஏறும்போதுகூட நாட்டின் உணவுப் பிரச்சினை முழுவதையும் தோளில் சுமக்கிறவள் மாதிரித்தான் ஏறுவேன். என் ஆய்வு, பலாக்கொட்டை மாவில் பிஸ்கட் செய்வது. மாவு கூடியது, குறைந்தது, அறவே போடாதது என்று மூன்று வகை. எது எதுவென்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாதபடி தட்டுகளில் இலக்கம் மட்டும் இருக்கும். சுவைத்துப் பார்த்து ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளி போட வேண்டும்.

என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். மனிதர்களை விட எண்களை நம்புகிறவர்.

"முப்பது பேர் வேணும், பிள்ளை. இருபத்தொன்பது எண்டா நான் கையெழுத்து வைக்க மாட்டன். வீட்டாக்கள் வேண்டாம், பாசத்திலை புள்ளி போடுவினம். திங்கட்கிழமை காலமை படிவம் எல்லாம் என்ர மேசையிலை இருக்கோணும்."

வெள்ளிக்கிழமை வரை இருபத்தாறு பேர் கிடைத்தார்கள். மற்றவர்கள் என் பிஸ்கட் டப்பாவைத் தூரத்தில் கண்டாலே விரிவுரை இருப்பதாக ஓடினார்கள். உம்மாவிடம் கெஞ்சினேன். "பக்கத்து வீடுகள்ல நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாங்களே." உம்மா "ம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில், தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்:

"பின்னேரம் நாலு பேர் வாராங்க. ஒழுங்கா உடுத்துக்கிட்டு இரி."

உம்மாவின் மேல் எனக்கு அவ்வளவு பாசம் அதற்கு முன் வந்ததில்லை. ஒழுங்காக உடுத்தினேன், அதாவது ஆய்வுகூட வெள்ளைக் கோட்டைப் போட்டேன். முன் அறையின் நான்கு கதிரைகளையும் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தால் புள்ளி மாறிவிடுமாம்.

வந்தவர்கள் மூன்று பெண்களும் ஓர் ஆணும். மூத்தவர் ஓர் அம்மா. கூடவே அவருடைய தங்கை, மகள், மகன். மகனின் சட்டை அப்போதுதான் அயர்ன் செய்ததுபோல் விறைத்துக்கொண்டு நின்றது. பிஸ்கட் தின்பதற்கு இவ்வளவு மினுக்கமா என்று ஒரு கணம் தோன்றியது. (ஒரு கணம்தான். மேலே யோசித்திருந்தால் நான் விஞ்ஞானியாக அல்ல, புத்திசாலியாக இருந்திருப்பேன்.) வாப்பா அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். உம்மா குசினியில். ஆகவே நானே வரவேற்றேன்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிறேன். ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. நீங்க இந்த மூலைக்கு, நீங்க அந்த மூலைக்கு."

அந்த அம்மா என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் வீட்டில் இப்படித்தான் மரியாதையாக்கும் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்.

சுவைப்பதற்கு முன் தகுதி பார்க்க வேண்டும். படிவத்தில் அதற்குக் கேள்விகள் இருந்தன. அம்மாவிடம் ஆரம்பித்தேன்.

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"பொய்ப்பல் ஈக்கா?"

"இல்ல மகள். எல்லாம் அல்லாஹ் தந்ததுதான்."

மகளும் தங்கையும் தேறினார்கள். கடைசியாக மகன்.

"சிகரட் குடிப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் தாயின் முதுகைப் பார்த்தார். "இல்ல" என்றார், அந்த மூன்று எழுத்துக்கு நடுவில் ஒரு பஸ் போகுமளவு இடைவெளி விட்டு.

"உண்மையச் சொல்லுங்க. பொய் சொன்னா என்ட ஒரு வருஷ வேல பாழாகும்."

என் குரலில் அழுகை இருந்திருக்க வேண்டும். மனிதர் இளகிவிட்டார்.

"ஒரு நாளைக்கு நாலு," என்றார். பிறகு, நேர்மை ஒருமுறை வந்துவிட்டால் நிற்காது போலும், "வெள்ளிக்கிழமயில அஞ்சு."

மூலையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அம்மா சுவரிலிருந்து திரும்பியிருந்தார். நான் கவனிக்கவில்லை. என் கவலை வேறு. முப்பது போய் இருபத்தொன்பது ஆகியிருந்தது.

"அப்ப நீங்க சரிவராது," என்றேன். "வெளியில போய் இருங்க."

அவர் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போய், வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சாரதியைப் பிடித்தேன்.

"டிரைவர் நானா, நீங்க சிகரட் குடிப்பீங்களா?"

"வாழ்க்கையில தொட்டதில்ல, தங்கச்சி."

"அப்ப நீங்க உள்ளுக்கு வாங்க."

பள்ளியிலிருந்து திரும்பிய வாப்பா கண்டது, வேனில் சாய்ந்து நின்ற ஓர் இளைஞனை.

"என்ன மகன், வெளியில நிக்கிறீங்க?"

"என்னை எடுக்கல்ல," என்றாராம் அவர். "டிரைவரத்தான் எடுத்தாங்க."

வாப்பா உள்ளே வரவும், உம்மா வட்டிலப்பத் தட்டோடு குசினியிலிருந்து வரவும் சரியாக இருந்தது. நான்கு கதிரைகள், நான்கு முதுகுகள், நடுவில் கையில் பேனையுடன் நான். உம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"மாப்பிள்ள எங்க?"

"எந்த மாப்பிள்ள?" என்றேன்.

பின்னால் என் தங்கச்சி தலையில் கைவைத்தாள். அவள் சொல்லியிருப்பாள் என்று உம்மாவும், உம்மா சொல்லியிருப்பார் என்று அவளும் இருந்திருக்கிறார்கள். கோட்டைக் கழற்றுவதா, கதிரைகளைத் திருப்புவதா, பின்கதவால் மாத்தளை வரை ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

முதலில் வாயைத் திறந்தது அந்த அம்மாதான்.

"எனக்கு இன்னம் மூணாவது பிஸ்கட் தரல்ல, மகள்."

கொடுத்தேன். நிதானமாக மென்று, புள்ளி போட்டு, கருத்து எழுதும் இடத்தில் எழுதினார்: 'உப்பு கூட. பிள்ளை நல்ல கண்டிப்பு.' போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷமா அவன்ட சேட்டுல சிகரட் மணக்குது. கேட்டா பஸ்ஸுல பக்கத்துல இருந்தவன் குடிச்சதாம்." மகன் வேனில் முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. உம்மா என்னோடு ஐந்து நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் முப்பது படிவத்தையும் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீக்கின ஆளையும் எழுதும். ஆய்விலை ஒண்டையும் மறைக்கக் கூடாது."

எழுதினேன். பல்கலைக்கழக நூலகத்தில், தடித்த நீல அட்டைக்குள் அந்த வரி இன்றும் இருக்கிறது: முப்பத்தொரு பேர் அழைக்கப்பட்டனர், ஒருவர் புகைப்பழக்கம் காரணமாக நீக்கப்பட்டார். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே அதைப் போய் வாசித்துவிட்டுத்தான் வந்தாராம்.

இப்போது குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்து பார்த்துப் போனாலும், தொழில் என்ன, ஊர் எது என்று வாப்பா விசாரிப்பதில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"உள்ளுக்கா, வெளியிலயா?"