பத்தொன்பது நிமிஷப் பின்னல்

என் மனைவியின் வாழ்க்கையை எளிமையாக்குவது என்று 1998-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். நல்ல காரியத்துக்கு எதற்குத் தடங்கல் என்று விட்டுவிட்டேன்.

இன்றுவரை அதற்காக வருத்தப்படுகிறேன்.

என் பெயர் சேஷகிரி. பெங்களூரில் ஒரு பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் 'ஒர்க் ஸ்டடி' இலாகாவில் அதிகாரி. தொழிலாளி வேலை செய்யும்போது பின்னால் நின்று ஸ்டாப் வாட்ச்சை அமுக்குவது என் உத்தியோகம். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் ஆகலாம், எதை வெட்டலாம் என்று அறிக்கை எழுதுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் தொழிற்சாலையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவரும் இல்லை. நான் திரும்பிய பிறகு சிரித்தவர்கள் நிறைய.

வீடு அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மனைவி பாகீரதி. பையன் அச்யுத் சூரத்கல்லில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். பெண் நிருபமா ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு இடுப்பு வரை தலைமுடி. முடி தோளுக்குக் கீழே போனால் இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, நீல ரிப்பன் கட்ட வேண்டும் என்பது அவள் பள்ளிக்கூடத்துச் சட்டம்.

வினை அந்தப் பின்னலில்தான் இருந்தது.

தினமும் காலை ஏழு நாற்பதுக்குப் பாகீரதி ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நிருபமா அவள் காலடியில் தரையில் உட்காருவாள். பின்னல் ஆரம்பிக்கும். பேச்சும் ஆரம்பிக்கும். பேச்சு சூடு பிடித்தால் சீப்பு அந்தரத்தில் நிற்கும். சிரிப்பு வந்தால் பின்னிய இடம் அவிழும், மறுபடி முதலிலிருந்து. உள்ளே குக்கர் கத்தும். நான் பேப்பரை இரண்டு தரம் படித்து முடித்துவிட்டு இரண்டாவது காபிக்காகக் காத்திருப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனைவியின் வாழ்க்கை, எளிமை என்று ஆரம்பித்தேனே, எல்லாம் அந்த இரண்டாவது காபிக்காகத்தான்.

மூன்று நாள் லீவு போட்டேன். அட்டை, கிளிப், ஸ்டாப் வாட்ச்சோடு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சமையலறை வாசலில் நின்றேன்.

"ஏன்னா, என்ன இது கையில?"

"ஸ்டடி பண்ணப் போறேன்."

"எதை?"

"உன்னை."

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சா?"

"நீ வழக்கம்போல வேலை பண்ணு. நான் ஒருத்தன் இங்க நிக்கறேன்னே நினைக்காதே."

"அது எனக்குப் பழக்கம்தான்."

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் பாகீரதி வேலை செய்த அழகு இருக்கிறதே! ஒவ்வொரு வெண்டைக்காயையும் தனித்தனியாக எடுத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், துடைத்தாள், நுனியை ஒடித்துப் பார்த்தாள், அப்புறம்தான் நறுக்கினாள். தோசை மாவைக் கரண்டியால் கலக்கினாள், நிறுத்தினாள், உப்புப் பார்த்தாள், யோசித்தாள், மறுபடி கலக்கினாள். மூன்று நாளும் நிருபமாவின் டப்பாவில் பேக்கரி பன்தான் போயிற்று.

எங்கள் தொழிலில் ஒரு நுணுக்கம் உண்டு. வாட்ச் காட்டும் நேரத்தை அப்படியே எழுதிவிடக் கூடாது. தொழிலாளியின் வேகத்துக்கு மார்க் போட வேண்டும். சாதாரண வேகம் நூறு. ஆள் வேண்டுமென்றே இழுத்தடித்தால் அறுபது போட்டு நேரத்தைக் குறைப்போம். பம்பரமாகச் சுழன்றால் நூற்றிருபது போட்டு நேரத்தைக் கூட்டுவோம். அந்த வேகம் எல்லோருக்கும் வராது இல்லையா?

நான் நியாயமாக அறுபது என்று எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது என்ன அறுபது?"

"உன் வேகம்."

"அறுபதா? போன வாரம் உங்க அக்கா ஆத்துலேர்ந்து ஏழு பேர் சொல்லாம கொள்ளாம வந்து நின்னா. பதினோரு மணிக்கு வந்தவாளுக்குப் பன்னெண்டரைக்கு இலை போட்டேனே. அது அறுபதா?"

"அது வேற, பாகீரதி. இது..."

"பரவாயில்லை. அறுபதுன்னே இருக்கட்டும். ராத்திரி அறுபதுக்குத் தகுந்த சமையல் பண்ணிப்போடறேன்."

எந்த யூனியனுக்கும் வளையாத என் கை அறுபதை அடித்தது. நூறு என்று எழுதியது. அவள் நகரவில்லை. நூற்றிருபது என்று எழுதியது. அவள் நகர்ந்தாள்.

லீவில் பகல் நேரம் மீதியிருந்ததால் பள்ளிக்கூட வேனையும் விடவில்லை. வேன்காரர் முனியப்பன் எட்டு மணியிலிருந்து எட்டேகாலுக்குள் அவர் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருவார். எந்தத் தெருவில், எந்தத் திருப்பத்தில் எத்தனை நிமிஷம் வீணாகிறது என்று அவருக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். மனுஷர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அன்றிலிருந்து சரியாக எட்டு ஐந்துக்கு ஹார்ன் அடித்தார். என் சிபாரிசை மனதாரக் கடைப்பிடித்த ஒரே ஆத்மா அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் குடும்பத்தைக் கூட்டி அறிக்கையை வாசித்தேன்.

"சிபாரிசு ஒண்ணு. இரட்டைப் பின்னல். தினம் பத்தொன்பது நிமிஷம். அநாவசியம். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிட்டா, சீவறதுக்கு ஒரு நிமிஷம் போறும்."

நிருபமா இரண்டு பின்னலையும் முன்னால் இழுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"மீதியையும் படிங்கோ," என்றாள் பாகீரதி.

"பின்னலைத் தள்ளிட்டு, மத்த வேலையெல்லாம் சேர்த்து நூத்தி அறுபத்தஞ்சு நிமிஷம். உன் வேகத்துக்கு நூத்திருபது போட்டா நூத்தித் தொண்ணூத்தெட்டு. அதுக்கு மேல ரெஸ்ட் அலவன்ஸ் முப்பது. ஆகக்கூடி இருநூத்தி இருபத்தெட்டு நிமிஷ வேலை."

"காலம்பர நமக்கு இருக்கறது எத்தனை நிமிஷம்?"

"அஞ்சே முக்கால்லேர்ந்து நான் கிளம்பற எட்டேகால் வரைக்கும். நூத்தம்பது."

"அப்படின்னா?"

என் குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணரை ஆள் வேலை."

"நான் எத்தனை ஆள்?"

"ஒரு ஆள்."

"பாக்கி அரை ஆள் எங்க?"

அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். அதில் எங்கேயும் இல்லை. நிமிர்ந்தேன். தாயும் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்து உங்களுதுதானே?" என்றாள் பாகீரதி. "சரி, அந்த முப்பது நிமிஷம் ரெஸ்டுன்னேளே, அது எதுக்கு?"

"தொழிலாளி இளைப்பாறதுக்கு. வெளில போய் நிக்கலாம், தண்ணி குடிக்கலாம்."

"என்ன வேணாப் பண்ணலாமா?"

"என்ன வேணாப் பண்ணலாம். மேலதிகாரி கேள்வி கேக்க முடியாது. ரூல்."

"அப்போ அந்த முப்பது நிமிஷத்துல நான் குழந்தைக்குத் தலை பின்னிக்கறேன். அந்த நேரத்துக்கு அரை ஆள் தோசை வார்க்கட்டும்."

பத்தொன்பது நிமிஷம் முப்பது ஆயிற்று. இரண்டாவது காபியை நானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

விஷயம் என்னவென்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பா எங்கள் தொழிற்சாலையில் டர்னர், யூனியன் கிளைச் செயலாளர். ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார், இப்பல்லாம் தோசை நீங்கதானாமே?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யசோதா சொல்லிச்சு. எங்க வீட்டுல. நீங்க லீவு போட்டீங்களே, அதுக்கு முந்தின நாளே, நீங்க வாட்ச்சு, அட்டை எடுத்து வச்சதைப் பாத்துட்டு உங்க வீட்டம்மா காம்பவுண்டு சுவராண்ட வந்து கேட்டாங்களாம். 'எங்க சார் வாட்ச்சு எடுத்துனு பின்னால நிக்கப் போறாரு, உங்க ஆளுங்க இன்னா பண்ணுவாங்க'ன்னு. யசோதா நம்ம டெக்னிக்கு அப்படியே சொல்லிக் குடுத்துச்சு. 'வாட்ச்சு தெரிஞ்சா கை ஸ்வல்ப மெதுவாப் போணும், அவ்ளோதான்'னு."

"அது தெரிஞ்சுதான் நான் அறுபது போட்டேன்."

"போட்டதை அடிச்சிட்டீங்களாமே சார்! யூனியன்ல எங்களுக்கு இருபது வருஷமா முடியலை."

பஸ்ஸில் முன் சீட்டுகூடத் திரும்பிச் சிரித்தது. முதல் தடவையாக என் முகத்துக்கு நேராக.

சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றால் ஹாலில் நடக்கும் பேச்சு காதில் விழும். முழுசாக விழாது. "அப்பறம் அந்த ஷ்ரேயா என்ன பண்ணினா தெரியுமா?" என்று நிருபமாவின் குரல் வரும். நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். குக்கர் கத்தும். கத்தி ஓயும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஷ்ரேயா என்ன பண்ணினாள்? அவள் சிநேகிதியா, விரோதியா? எனக்குத் தெரியாது. சட்னி அரைக்கும் மிக்ஸியை நிறுத்தினால் அவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பதினாலு வருஷமாக அந்தப் பெண் என் வீட்டில் வளர்ந்திருக்கிறாள். அவள் சிநேகிதிகளில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குச் சமையலறையில்தான் தெரிந்தது.

அச்யுத் விஷயத்தில் கோட்டை விட்டது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாஸ்டலிலிருந்து போன் செய்வான். நான்தான் ஓடிப்போய் எடுப்பேன். "நன்னா இருக்கேளாப்பா? சரி, அம்மாகிட்டக் குடுங்கோ." பன்னிரண்டு வினாடி. நான் அளந்திருக்கிறேன். அவன் போய்விட்டான். இவளும் இன்னும் மூன்று வருஷத்தில் எங்காவது படிக்கப் போய்விடுவாள். அப்புறம் இவளும் பன்னிரண்டு வினாடிதான்.

ஒருநாள் பாகீரதியிடமே கேட்டேன்.

"தினம் அப்படி என்னதான் பேசிக்கறேள் ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்லையே."

"அரை மணி நேரமா ஒண்ணுமில்லையா?"

"ஆமாம். ஒண்ணுமில்லாததைப் பேசறதுக்குத்தான் நேரம் ஜாஸ்தி வேணும்."

இதற்கு எங்கள் இலாகாவில் ஃபார்முலா கிடையாது.

நவம்பரில் எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. மைசூரில் பாகீரதியின் தங்கை ஜானகி வீட்டு கிருஹப்பிரவேசம். நிருபமாவுக்குப் பரீட்சை. அதனால் பாகீரதி மட்டும் புதன்கிழமை மத்தியானம் கிளம்பினாள். வியாழக்கிழமை ராத்திரிதான் வருவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காலையில் பின்னல் யார் போடுவது? அரை ஆள்தான்!

புதன் சாயந்திரம் ஜன்னல் திரையின் குஞ்சத்தில் பின்னிப் பழகினேன். வியாழன் காலை ஐந்து மணிக்கே எழுந்தேன். தோசை, சட்னி, டப்பா எல்லாவற்றையும் முடித்தேன். ஏழரைக்கு ஹாலில் நாற்காலியைப் போட்டேன். தேங்காய் எண்ணெய், சீப்பு, இரண்டு நீல ரிப்பன். மடியில் துண்டு விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணத்தன்றுகூட இப்படிக் காத்திருந்ததில்லை.

ஏழு நாற்பது ஆயிற்று. ஏழு ஐம்பது. பரீட்சைக்குப் படிக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். எட்டு மணிக்கு அறைக் கதவு திறந்தது. நிருபமா வந்தாள். இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், நடுவில் நேர் வகிடு.

"யாரு பின்னிவிட்டா?" என்றேன்.

"நானேதான்."

"உனக்குப் பின்னத் தெரியுமா?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து தெரியும்ப்பா. நாலு நிமிஷம் ஆகும்."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"அம்மாதானே சொல்லிக் குடுத்தா."

இருபத்திரண்டு வருஷமாகத் தேவையற்ற வேலையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டு ஹாலில், என் கண்ணெதிரில், மூன்று வருஷமாக ஒரு வேலை தேவையே இல்லாமல் நடந்திருக்கிறது. இருவரும் தெரிந்தேதான் நடத்தியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இதையா வெட்டச் சொன்னேன் என்றுதான் இருந்தது.

நிருபமா என் மடித் துண்டைப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எனக்காகவா ஒக்காந்திண்டிருக்கேள்?"

"சும்மா... பேப்பர் படிக்கலாம்னு."

"பேப்பர் எங்க?"

சீப்பைத் துண்டுக்கு அடியில் தள்ளினேன். அவள் பையைக் கீழே வைத்தாள். "சரி, ஒரு பக்கம் மட்டும் அவுத்துக்கறேன். ஆனா கையில இருக்கற அந்த வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டு வாங்கோ."

ஓடினேன். கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். வந்து உட்கார்ந்தேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து ஒரு ரிப்பனை அவிழ்த்தாள். முடியை மூன்றாகப் பிரித்தேன். மெதுவாக, மிக மெதுவாகப் பின்ன ஆரம்பித்தேன். அறுபதுகூட இல்லை, முப்பது மார்க் வேகம்.

"அப்பா."

"ம்?"

"ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை."

"சொல்லும்மா."

"நேத்திக்கு க்ளாஸ்ல..."

வாசலில் ஹார்ன் அடித்தது. முனியப்பன். சரியாக எட்டு ஐந்து.

"ஐயோ, வேன்!" நிருபமா என் கையிலிருந்து பின்னலைப் பிடுங்கி, ஓடிக்கொண்டே முடித்தாள். "சாயந்திரம் சொல்றேம்ப்பா!"

அன்று ஆபீஸில் எந்த வாட்ச்சையும் நான் அமுக்கவில்லை. மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவளுக்குப் பிடிக்குமே என்று பேக்கரி வாசலில் காரா பன் சூடாக வரும்வரை காத்துக் கிடந்தேன். பொட்டலத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்து மணியை அடித்தபோது நாலரை.

ராத்திரி வருவதாகச் சொன்ன பாகீரதி கதவைத் திறந்தாள்.

"வந்துட்டேளா? நல்ல வேளை. சித்த அந்தத் தோசைக்கல்லைப் போடுங்கோ. குழந்தை எங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்."