ரகசியம் பேச இடமில்லாத வீடு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விலை பேசத் தெரியாது. தெரியும் என்று எல்லோரும் நம்புவதுதான் பிரச்சினை. மீன் வாங்கினாலும் மனை வாங்கினாலும் எங்களுக்கு ஒரே வழிதான். போனதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், பொருளில் நாலு குறை சொல்ல வேண்டும், பிறகு "உள்ள போயி ஒண்ணு பேசிட்டு வாறோம்" என்று ஒதுங்கிப் போய்க் கலந்தாலோசிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை வகுத்தவர் என் தாய்மாமா. (அவர் எதையாவது குறைந்த விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை.)

நாகர்கோவிலில் ஒரு தெரு முழுக்க முன்பு அண்டியாபீஸ்கள் இருந்தன, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைகள். எல்லாம் மூடிக் கிடந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஒன்றை இடிக்காமல், உள்ளே தடுத்து, ஃபிளாட்டுகளாக்கி விற்றார். அதில் மாடியில் ஒரு ஸ்டுடியோ ஃபிளாட் விலைக்கு வந்தது. படுக்கை, சமையல், வரவேற்பு எல்லாம் ஒரே அறையில். கதவுள்ள இன்னொரு இடம் பாத்ரூம் மட்டும்.

தனியாகப் போய்ப் பார்த்த அன்றே எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நான். நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்டாக ஊராருடைய முதுகை நிமிர்த்திவிட்டு, தினமும் இரணியலில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் நசுங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தப் பொம்பள, ஒத்த முறி. ஆளுவ என்ன கேப்பாவ?" என்று மாதக்கணக்கில் ஒரே பாட்டு. (முறி என்றால் எங்கள் பக்கத்தில் அறை.) அம்மாவின் மனம் நோக ஒரு வீடு வாங்கி அதில் நிம்மதியாகத் தூங்க எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் மாறுவாள் என்று அம்மா, அப்பா, மாமா மூவரையும் அழைத்துப் போனேன்.

வீட்டுக்காரர் ஸ்டெல்லா சிஸ்டர். குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பல வருடமாக இந்த ஃபிளாட்டில் தனியாக இருந்தார். முட்டுவலியால் படி ஏற முடியாமல், தங்கை வீட்டுக்குப் போகப்போகிறார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் அவர் கதவைத் திறந்து நின்ற கம்பீரத்தைப் பார்த்து மாமா செருப்பை வாசலுக்கு வெளியே இன்னும் இரண்டடி தள்ளிக் கழற்றினார்.

என்ன அறை அது! கூரை அவ்வளவு உயரம், உள்ளே நுழைந்ததும் நாமே கொஞ்சம் வளர்ந்ததுபோல இருக்கும். ஜன்னல் திண்டில் காலை மடக்கி உட்காரலாம், சுவர் அத்தனை கனம். மாலை வெயில் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கிடந்தது.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். சுவர் இவ்வளவு கனமாக இருந்தால் போனுக்கு சிக்னல் கிடைக்காதே என்று மாமா வருத்தப்பட்டார். நான் கண்ணாடி முன் பழகி வைத்திருந்த அதிருப்தி முகத்தைக் காட்டி (பல்வலிக்காரி மாதிரி இருந்ததாக அப்பா பிறகு சொன்னார்), வெளிச்சம் கொஞ்சம் அதிகம் என்றேன்.

"கண்ண மூடினா செரியாயிரும் மக்களே," என்றார் சிஸ்டர்.

அம்மா எங்களோடு சேரவில்லை. ஜன்னல் திண்டைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள். கோபம் உச்சத்தில் இருக்கிறது, வீடு கைவிட்டுப் போயிற்று என்று முடிவு கட்டினேன்.

மாமா வழக்கம்போல "உள்ள போயி ஒண்ணு பேசிட்டு வாறோம் சிஸ்டர்" என்று எழுந்தார். எழுந்த பிறகுதான் அந்த வீட்டில் 'உள்ளே' என்று ஒன்று இல்லாதது தெரிந்தது. மனிதர் அசரவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்து மரியாதையாக உள்ளே போனார். பின்னாலேயே அம்மாவும் நானும் போய்த் தாழ்ப்பாள் போட்டோம். அப்பாவின் வயிற்றுக்கு இடம் போதாததால், சிஸ்டரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லி அவரை வெளியே விட்டோம்.

மாமா மூடிய டாய்லெட்டின் மேல் தலைவர்போல உட்கார்ந்து, அம்மாவின் அபிப்பிராயத்தைக் கேட்டார். அம்மா சர்ச் பாடகர் குழுவில் இருப்பவள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

"மக்கா, நான் குத்தம் கண்டுபிடிக்கணும்னுதான் வந்தேன். ஒண்ணும் கிட்டல்ல. அந்த சிஸ்டரப் பாரு, எப்பிடி நிமிந்து நிக்காவ. அந்தக் காலத்துல எனக்கு இப்பிடி ஒரு முறி கிட்டியிருந்தா, ஒங்கப்பாவக் கெட்டியே இருக்க மாட்டேன்."

மாமாவும் உருகிவிட்டார். கேட்கிற விலையைக் கொடுத்துவிடலாம், சுவரைப் பார்த்தாலே போதும் என்றார்.

அப்போது ஒரு இருமல் கேட்டது. அப்பாவின் இருமல், எங்கள் காதுக்குள்ளேயே. நிமிர்ந்து பார்த்தேன். பாத்ரூம் சுவர் கூரை வரை போகவில்லை. காற்று போக மேலே நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள். அத்தனை பெரிய அண்டியாபீஸ் கூரை நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் பத்திரமாக அந்தப் பக்கம் கொண்டு சேர்த்திருந்தது.

வெளியே வந்தோம். அப்பா சாயாக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் மாமாவிடம், "அப்பம், வெலயப் பத்தி இனி பேசண்டாம் இல்லியா?" என்று அன்பாகக் கேட்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து ஜன்னல் திண்டில் உட்கார வைத்து ஒரு சாயா கொடுத்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வாங்கினேன். சனிக்கிழமைகளில் அம்மா பையோடு வந்துவிடுவாள், ஜன்னல் திண்டு அவளுக்கு. இரணியல் வீட்டில் அவள் குரல் உயரும்போதெல்லாம் அப்பா ஒன்றே ஒன்று கேட்பார்: "ஏட்டி, ஒனக்கும் ஒரு முறி பாக்கட்டா?"

அம்மா அவர் தட்டில் சோறு விளம்பிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்: "பாருங்க. சன்னலு பெருசா இருக்கட்டு."