வீட்ல கேளு அண்ணனும் பாக்கியம் அக்காவின் கேள்விகளும்

எங்கள் சபையில் இன்று வேதம் தெரிந்த ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேரையும் உருவாக்கியது ஒரே ஒரு மனிதர். அவர் போதகர் இல்லை, உபதேசியாரும் இல்லை. பம்புசெட் மெக்கானிக். அவருக்கே வேதம் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் இதில் கர்த்தருடைய கிருபை.

நீடாமங்கலத்திலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே போனால் எங்கள் ஊர். சின்னக் கோயில்தான். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். அந்த மெக்கானிக் அண்ணனுக்கு ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சு. ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியதால் அவருக்கு மெல்லிய குரல் என்று ஒன்று கிடையாது. காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னாரென்றால் வயலில் நாற்று முடிகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான், கோயிலுக்குள் பெண்கள் சத்தம் போடக் கூடாது என்பார்.

சும்மா சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருந்தார். பெண்கள் சபையில் அமைதியாக இருக்க வேண்டும், ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் வீட்டில் புருஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார் அல்லவா, வேதத்தில் அண்ணனுக்கு மனப்பாடமான இடம் அது ஒன்றுதான். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கேட்டால் போதும், பெஞ்சோடு திரும்புவார்.

"எத்தனாம் பாட்டுன்னு சொன்னாங்க?"

"வீட்ல கேளும்மா."

வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவதற்குள் பாட்டு என்ன, ஆராதனையே முடிந்துவிடும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போய், 'வீட்ல கேளு' அண்ணன் ஆனது இப்படித்தான்.

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா. அண்ணன் சொன்னதை ஊரில் மனதார நம்பிய ஒரே ஆள். ஒரு ஞாயிறு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஆண்டவர் அப்பம் குடுத்து ஐயாயிரம் பேரும் சாப்பிட்டு மீந்ததைக் கூடை கூடையா எடுத்தாங்களாமே. அந்தப் பொட்டல்ல கூடை யாருங்க கொண்டாந்தது?"

அண்ணனிடம் ஒரு நல்ல குணம், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டார். பாதிச் சோற்றில் எழுந்து மொபெட்டை உதைத்துப் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் பாவம், அப்போதுதான் தூங்கக் கண்ணை மூடியிருந்தார். அந்தக் காலத்தில் வெளியூர் போகிறவர்கள் கூடையில் சாப்பாடு எடுத்துப்போவது வழக்கம் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் வந்து ஒப்பித்தார்.

"அப்ப கூடையில சாப்பாடு இருந்திருக்குமே. வெறுங்கூடையையா தூக்கிட்டு வந்தாங்க?"

மொபெட் மறுபடியும் கிளம்பியது.

இந்த வியாதி மெல்லத் தெருவெல்லாம் பரவியது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று பாயை விரித்தால், என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பேதுருவோட மாமியார் காய்ச்சல் விட்டதுமே எழுந்து பரிமாறப் போயிட்டாங்களாம். ஒரு பொழுது படுத்திருக்க விடக் கூடாதாங்க?"

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி வேதத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். பெரிய பெரிய பிரசங்கிமார் வந்து செய்ய முடியாத காரியத்தை அந்த பயம் செய்தது.

இப்படி இருக்கையில் போதகருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் ஒரு பெண். அங்கி போட்டுக்கொண்டு பீடத்தில் ஏறி, நிறுத்தி நிதானமாகப் பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் அண்ணனையே பார்த்தோம். அண்ணன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் மத்தியானம் பாக்கியம் அக்காவின் கேள்வி வழக்கம்போல வந்துவிட்டதே. பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது? அண்ணன் யோசித்தார். போதகரம்மாவுக்கும் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறாரே. அவர் ரயில்வே கேட்கீப்பர், சாதுவான மனிதர். அண்ணன் போனபோது கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். போதகரம்மா கைக்கு எட்டும் தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆண்டவர் உயிரோட எழுப்புன லாசரு மறுபடியும் செத்தாரான்னு வீட்ல கேக்கறாங்க."

தம்பி தலையைத் திருப்பினார். "லாசரு மறுபடி செத்தாராம்மா?"

"செத்துத்தான் இருப்பாரு. வேதத்துல அதைப் பத்தி எழுதலைன்னு சொல்லுங்க."

"செத்துத்தான் இருப்பாராம் அண்ணே. எழுதலையாம்."

"சரி தம்பி," என்று அண்ணன் திருப்தியாகத் திரும்பினார். போதகரம்மா சிரிப்பை அடக்க வேட்டியை முகத்துக்கு நேராக உதறினாராம்.

ஒரு ஞாயிறு தம்பிக்கு கேட்டில் டூட்டி. அண்ணன் அங்கேயே போய்விட்டார். கேட் போட்டிருந்தது, மன்னார்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது.

"லாசருவை எழுப்பப் போறோம்னு ஆண்டவருக்குத் தெரியும்ல, அப்புறம் எதுக்குத் தம்பி அழுதாரு? வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"டூட்டில போன் பேசக் கூடாதுண்ணே."

அண்ணன் குரல்தான் தெரியுமே, பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. ஜன்னலோரம் விபூதி பூசிய பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "வீட்டுப் பொம்பளைங்க அழுதுக்கிட்டு நிக்கறப்ப, பதிலை மட்டும் சொல்லிட்டு நிக்க முடியுங்களா?"

அண்ணன் அந்தப் பதிலைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். பாக்கியம் அக்கா மறுகேள்வி கேட்காத பதில் அது ஒன்றுதான்.

சிரிப்பெல்லாம் அதுவரைக்கும்தான். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பீடத்தின் முன் முழங்காலில் நின்று போதகர் கையால் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். அண்ணன் பெஞ்சை விட்டு எழவில்லை. பெண் கையால் வாங்க மனம் ஒப்பவில்லை. அக்கா திருவிருந்துக்கென்றே ஒரு வெள்ளைச் சேலை வைத்திருப்பவர். முதல்நாளே உபவாசம் இருப்பார். அவரும் எழவில்லை.

"நீ போயேன் பாக்கியம்," என்று அண்ணன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் வராமல் தானும் போவதில்லை என்று அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த மாதமும் அப்படியே. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை வெளியே வரவில்லை. கேள்வியும் வரவில்லை.

ஒருநாள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அவ ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறா."

"நல்லதுதானேண்ணே. அமைதியா இருக்கணும்னுதானே சொன்னீங்க."

"கோயில்லதானடா இருக்கச் சொன்னேன்."

அந்த மனிதரின் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. போதகர் வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். கேட்கீப்பர் தம்பி டூட்டிக்குப் போயிருந்தார். அண்ணன் அடுத்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசல் முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"அவ பேச மாட்டேங்கறா. திருவிருந்துக்கும் போக மாட்டேங்கறா. நான் என்ன செய்யணும்?"

போதகரம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு அண்ணனை வேத வசனத்தாலேயே மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்லைண்ணே. வீட்ல கேளுங்க."

அண்ணன் மரத்தை விட்டுவிட்டு அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். கேலியாகச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மொபெட்டில் ஏறினார்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அண்ணன் வீட்டில் கேட்டது எனக்கும் கேட்டது.

"பாக்கியம், நான் என்ன செய்யட்டும் சொல்லு. இன்னிக்கு நான் கேக்கறேன்."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"கல்யாணமான நாள்லேருந்து நான்தான் சோறு போடறேன். சாப்பிடறப்ப ஒருநாளும் நீங்க என் கையைப் பார்த்ததில்லை, சோத்தைத்தான் பார்ப்பீங்க. அங்கயும் அப்பத்தைப் பாருங்களேன்."



அடுத்த முதல் ஞாயிறு வெள்ளைச் சேலை வந்தது. அக்கா எழுந்தார், அண்ணனும் எழுந்தார். ஆனால் ஆண்கள் வரிசைக்குப் போகாமல் நேரே இடப்பக்கம் போய், அக்காவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றுவிட்டார். வரிசையை ஒழுங்குபடுத்துவது என் வேலை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகரம்மா அப்பத்தை நீட்டினார். அண்ணன் அப்பத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அந்த இடத்தில் நாங்கள் ஆமென் என்போம். சோறு போடுகிற பெண்களிடம் ஆயுசெல்லாம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, அண்ணனுக்கு வேறொன்று வந்தது.

"போதும்மா."

கோயில் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது பாக்கியம் அக்கா. அதுவும் கோயிலுக்குள், சத்தமாக. அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே மென்று விழுங்கினார். ஆண்டவருடைய பந்தியிலிருந்து அப்படி வயிறு நிறைந்து எழுந்த இன்னொரு மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை.