மாமாவின் கேம் செயினும் அத்தையின் தோசைக்கல்லும்

கோவில்பட்டி,
மார்கழி 20.

மதிப்பிற்குரிய பசுவந்தனை மாமா ஆறுமுகசாமி அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் அருண்பாண்டியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நலமா என்று கேட்கவில்லை. உங்கள் வண்டி நலமாக இருந்தால்தான் நீங்களும் அத்தையும் நலம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொல்லலாம். ஆனால் நான் 'டென்ஷனர்' என்று வாயெடுத்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதம் என்றால் கண்ணாடியைக் காணோம் என்பீர்கள். அதனால் அத்தை, நீங்க சத்தமா வாசிங்க. மாமா எந்திரிச்சுப் போனா பின்னாடியே போய் வாசிங்க.

தை பிறந்ததும் ஓசூரில் ஐஸ்வர்யாவுக்கு வளைகாப்பு. மகள் வீட்டுக்கு மோட்டார் பைக்கிலேயே போகிறோம் என்று முடிவு கட்டியது நீங்கள். பஸ் ஏறினால் அத்தைக்கு வாந்தி வரும், சரி. ஆனால் தூரம் ஐந்நூறு கிலோமீட்டர், வண்டிக்கு வயது பதினைந்து, ஓடியது எழுபதாயிரம். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் கிளப்பி, ஸ்க்ரூடிரைவர் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே யாரோ ஆணி டப்பாவைக் குலுக்குகிறார்கள். "அதுக்கென்னலே, அது எப்பவும் அப்படித்தான் பேசும்" என்றீர்கள். அது பேச்சில்லை மாமா, முறையீடு. வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கிற செயின் அது, கேம் செயின். அது தேயத் தேய நீளும். தொங்காமல் தள்ளிப் பிடிப்பது டென்ஷனர். உங்கள் டென்ஷனர் இனித் தள்ள இடமில்லாமல் முழு நாக்கையும் நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே போனால் ஒருநாள் செயின் பல்சக்கரத்தில் பல் தாவும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் நட்ட நடு ரோட்டில் பூட்டிக்கொள்ளும். தொப்பூர் ஏற்றத்தில், பின்னால் லாரி வர, அத்தை மடியில் அதிரசத் தூக்கோடு. நான் இதைச் சொல்லச் சொல்ல, நீங்க என்னன்னா மீசையை முறுக்குதீங்க.

டென்ஷனரைக் கழற்றித் துணியில் வைத்துவிட்டு, "மாமா, என்ன வேணாலும் செய்யுங்க, கிக்கரை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் மிதித்துவிட்டீர்கள். கேட்டதற்கு, "கழட்டினது சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றீர்கள். கழற்றியது சரியாகத்தான் இருந்தது, செயின்தான் இரண்டு பல் தாவிவிட்டது. அரைநாள் வேலை இரண்டு நாள் ஆனது. புது செயின் வாங்க கோவில்பட்டிக்கு ஓடினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை சிராஜுதீன் பாய் நம் பழைய சாமானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வண்டியில கழட்டினதா, கரிசக்காட்டுல தோண்டினதா" என்று கேட்டார். கடையில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். எங்க மாமா வண்டின்னு சொல்லலை. சொல்லியிருக்கணும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டி பால் குடிக்கிற பூனை மாதிரி ஓடியது. நன்றி சொல்வீர்கள் என்று பார்த்தால் மூன்றாம் நாளே புகார். கம்மாய்த் திருப்பத்தில் கடகடவென்று கேட்டால்தான் அத்தை தோசைக்கல்லை அடுப்பில் போடுவார்களாம். நீங்கள் கால் கழுவி வருவதற்குள் முதல் தோசை தயாராக இருக்குமாம். இப்போது சத்தமில்லாமல் வந்து நின்றதால் கல் சூடேறாமல் கிடந்ததாம். "மனுசன் வீட்டுக்கு வந்தது கூடத் தெரியலையா" என்று ஒரு சண்டை. அது போகட்டும் என்றால் உங்கள் மக்காச்சோளக் காடு. முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டி வரும்போதே காட்டுப்பன்னி ஓடிவிடும். இப்போது? "ஏறிட்டுப் பாத்துட்டுத் திரும்பவும் திங்குது மருமவனே. என்னை மதிக்கவே மாட்டேங்குது." அதற்காக ஆயில் டப்பாவில் நட்டுகளைப் போட்டு இன்ஜின் பக்கத்தில் கட்டிவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? ஓசூர் போகும் முன் எப்போதும்வென்றான் ஊர் மெக்கானிக் சோலைமுத்துவிடம் பழைய செயினையே மாட்டச் சொல்லியிருப்பதாக அத்தை நேற்றுப் போனில் அழாத குறை.

நடக்காது மாமா. பழைய செயின் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. சாவி அம்மா இடுப்பில் இருக்கிறது. தைரியம் இருந்தால் உங்க அக்காகிட்ட வந்து கேளுங்க. டப்பாவை இன்றைக்கே அவிழ்த்து எறியுங்கள். அது பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தால் நாளைக்கு இன்ஜினே கத்தினாலும் உங்கள் காதில் விழாது. தோசைக்குக் கம்மாய்ப் பக்கம் நின்று ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பன்னிக்கு வேறு வழி பாருங்கள். மூணு வருஷம் ஆட்டோமொபைல் படிச்சவன் சொல்லுதேன்.

பெரியவர்களை நான் ஆசீர்வதிக்க முடியாது. ஆகவே வண்டிக்கு என் ஆசிகள், அத்தைக்கு என் நமஸ்காரங்கள், தங்களுக்கு மேற்படி எச்சரிக்கை.

தங்கள் மருமகன்,
அருண்பாண்டியன்

பி.கு.: சோதிக்காமல் ஒன்றைக் குறை சொல்வது முறையில்லை என்பதால், கடிதம் எழுதிய மறுநாள் நானும் ஒரு டப்பா செய்து என் வண்டியில் மாட்டினேன். மூன்று நட்டு போட்டால் ஐஸ் வண்டி, எட்டு போட்டால் குப்பை வண்டி. ஆறு போட்டதும் அச்சு அசல் உங்கள் பழைய செயின். அப்படியே பசுவந்தனைக்கு விட்டேன். ஓடைப் பக்கம் இரண்டு பன்னி ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் காட்டில் இருந்தீர்கள். வாசலில் வண்டியை நிறுத்தினால் உள்ளேயிருந்து, "காலைக் கழுவிட்டு வாங்க, மொத தோசை எடுத்தாச்சு." என்னைப் பார்த்ததும் அத்தை கரண்டியை ஓங்கினார்கள். பிறகு தட்டை வைத்தார்கள். நாலு சாப்பிட்டேன். மாமாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்; இப்ப அத்தையே வாசிச்சுட்டாவ.

அந்த டப்பாவை கிளாம்ப் வைத்து மினி பஸ்ஸில் இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். இன்ஜின் பக்கம் வேண்டாம், பின் கேரியரில் மாட்டுங்கள். ஓசூர்ப் பயணத்தில் மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழி நெடுக இன்ஜின் சத்தம்தான் உங்களுக்குக் கேட்க வேண்டும். ஐஸ்வர்யா போனில் என்னைத் திட்டினாள்: "சத்தத்தையே எடுத்துட்டியாமே. எங்கப்பா வாராவன்னு இனி நான் எப்படிக் கண்டுபிடிக்க?" அதனால் அவள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு போல்ட்டுதான். பத்தாம் நம்பர் ஸ்பானர் சீட்டுக்கடியில் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் கதவைத் திறந்து வைத்திருப்பாள்.