சேங்கொட்டையைத் தாண்டி வந்த கண்

புதுச்சத்திரம்,
வெள்ளிக்கிழமை.

வாழப்பாடி திரு. சந்திரசேகர் அவர்களுக்கு, குணசீலன் மரியாதையுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது. விரல்கள் வீங்கிக் கிடப்பதால் நான் சொல்லச் சொல்ல மகள் தனப்பிரியா எழுதுகிறாள். போனில் சொன்னால் நாளைக்கு "அப்படிச் சொல்லவே இல்லீங்களே" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் உங்கள் பையனுக்குப் பெண் பார்க்க வந்தீர்கள். வாசலில் நின்ற என் புது லாரியை முன்னால் பார்த்தீர்கள், பின்னால் போய்ப் பார்த்தீர்கள், குனிந்து டயரைப் பார்த்தீர்கள். "வண்டி அம்சமா இருக்குதுங்க, டீசல் எப்படிக் குடிக்குது?" என்று வேறு கேட்டீர்கள். பெண் பார்க்க வந்தவருக்கு டீசல் எதற்கு? யார் கண் எப்படியோ என்று அன்று விடிந்ததுமே நாட்டு மருந்துக் கடையில் சேங்கொட்டை வாங்கி, கோணி ஊசியால் என் கையாலேயே குத்தி, வடிந்த கறுப்பு எண்ணெயைத் தோள்துண்டில் துடைத்து, எலுமிச்சம்பழம் மிளகாயோடு கோத்து லாரிக்கும் வாசலுக்கும் கட்டியிருந்தேன். மரியாதைக்காக உங்கள் காருக்கும் ஒன்று கட்டிவிட்டேன். இத்தனை காவல் இருந்தும் நீங்கள் போன மறுநாளே விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் கழுத்தில், துண்டு கிடக்கிற இடமெல்லாம் கொப்புளம்! சேங்கொட்டையையே தாண்டி வருகிற கண் சாதாரணக் கண்ணா?

நான் விடுவேனா? இன்னும் பெரிய கொட்டையாகப் பார்த்து வாங்கிக் குத்தினேன். ஸ்டியரிங்கில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று, அரைஞாண் கயிற்றில் ஒன்று. அன்றைக்கென்று பார்த்து உங்கள் வீட்டம்மா என் சம்சாரம் ராசாத்திக்குப் போன் போட்டு, "அண்ணன் நல்லா இருக்கறாருங்களா?" என்று விசாரித்தார்களாம். மறுநாள் இடுப்பைச் சுற்றித் தீயாக எரிகிறது. ஏனுங்க, என்னத்துக்கு விசாரிக்கோணும்? (இதை எழுதாதே சாமி.) அப்புறம் ராசாத்தி என்னை ராசிபுரத்துல ஒரு தோல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. அந்தம்மா கையைப் பாத்துட்டு, "எண்ணெய் ஏதாச்சும் தொட்டீங்களா?"ன்னு கேக்குது. லாரிக்காரனைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? சேங்கொட்டை எண்ணெய் பட்டுத்தான் அரிக்குதாம், அத்தனையும் கழட்டி வீசோணுமாம். காவலைக் கழட்டச் சொல்றவ யாரோட ஆளு? வெளியே வந்து விசாரிச்சேன். அந்தம்மா பொறந்த ஊரு வாழப்பாடிங்களாமா! இன்னும் என்ன சாட்சி வேணும்?

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். தட்டு மாற்றுவதை நிறுத்திக்கொள்வோம். உங்கள் பையன் இளஞ்செழியன் தங்கமான பையன். அவன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறியவர்களுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். இந்தப் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
குணசீலன்

பின்குறிப்பு: மாமா, நான் தனப்பிரியா. அப்பா மருந்து பூசிக்கொள்ள உள்ளே போயிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் விடவில்லை. விட்டால் என்மேலும் சந்தேகம் வரும். டாக்டரம்மா சொன்னதுதான் நிஜம். முந்தாநாளே கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கொட்டைகளை எல்லாம் எடுத்துப் புதைத்தேன். களிமண்ணை உருட்டிக் கரி பூசி அந்தந்த இடத்தில் கட்டிவிட்டு, துண்டையும் மாற்றினேன். அப்பாவுக்கு இன்று பாதி தேவலை. சம்பந்தத்தை முறித்ததால்தான் குறைகிறது என்கிறார்.

உங்கள் காரில் கட்டியிருந்ததை உங்கள் மகன்தான் அவிழ்த்தாராம். அவர் கையும் வீங்கியதால், எங்கள் அப்பாவுடைய கண் பொல்லாதது, சம்பந்தம் வேண்டாம் என்று நீங்களும் அவரையே ஒரு கடிதம் எழுதச் சொன்னீர்களாமே. அவர் எழுதிப் போட்டுவிட்டார். அதன் அடியிலும் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. போனில் படித்துக் காட்டினார். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அம்மாவும் அத்தையும் ஆவணி இரண்டாம் முகூர்த்தம் என்று முடிவு செய்து, மண்டபத்துக்கும் சொல்லிவிட்டார்கள். இனி நீங்களும் அப்பாவும் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.