இருபத்தோரு கியரும் ஓர் ஆடி விருந்தும்

புது மாப்பிள்ளைக்கு வாயும் வண்டியும் அடக்கமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே அப்படி அமையவில்லை.

கல்யாணமான வருடம், மலையடிவாரத்து ஊரான லோயர் கேம்பிலிருந்து மாமனார் ஆடி விருந்துக்கு அழைத்திருந்தார். எங்கள் ஊர் கம்பத்தில் பஸ் ஏறினால் சுகமாகப் போயிருக்கலாம். வாய்க்கால் கரையோரமாகச் சைக்கிளில் போவோம் என்று சொன்னது நான்தான். என்னுடையது இருபத்தோரு கியர், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள். என் மனைவி வனிதாவுடையதும் மலை சைக்கிள்தான். ஆனால் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. கியரும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. மிதித்தால் ஓடும், பிடித்தால் நிற்கும். (ஒரு சைக்கிளுக்கு அது போதும் என்று அன்று காலை வரை எனக்குத் தெரியாது.)

நான் கணக்கு வாத்தியார் வேறு. எந்த மேட்டுக்கு எந்த கியர் என்று கூடலூர் தாண்டும்வரை அவளுக்குப் பாடம் எடுத்தேன். கணவாயிலிருந்து ஆடிக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அவள் குனிந்து, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி மிதித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு திராட்சைத் தோட்டத்தருகே வேகத்தில் கியரை மாற்றினேன். 'கடக்' என்று கியரை மாற்றும் இரும்புக் கை வளைந்து சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. மாமனார் எடுத்துக் கொடுத்த வெள்ளை பேன்ட்டோடு சேற்றில் கிடந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது.

வனிதா சிரிக்கவில்லை. காலைத் தடவிப் பார்த்தாள். தோட்டக்காரரிடம் சொல்லி என் சைக்கிளை மோட்டார் ரூமில் போட்டாள். பிறகு தன் சைக்கிளின் குறுக்குக் கம்பியைக் காட்டினாள்.

"கால மட்டும் தூக்கிக்கங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

எண்பது கிலோ ஆளான நான் கம்பியில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் இல்லாததால் பாதையின் ஒவ்வொரு கல்லும் நேரில் வந்து நலம் விசாரித்தது. சங்கிலிச் சத்தம், வாய்க்கால் சத்தம், பின்கழுத்தில் அவள் மூச்சு. வலியை மீறி ஒரு சந்தோஷம் வந்தது. ஊர் வராமலே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஊர் வந்தது. வாசலில் மொத்தச் சொந்தமும் நின்றது. ஆரத்தித் தட்டோடு வந்த சின்ன மாமியார் கொஞ்சம் யோசித்து, சைக்கிளையும் சேர்த்தே சுற்றினார். மாமனார் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, மெல்லிய குரலில் தன் மனைவியிடம் சொன்னார்: "மாப்ளைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு தரகர் சொல்லவே இல்லயே."

கால் சரியானதும் வனிதாவுடையதைப் போலவே ஒரு சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வாய்க்கால் கரையில் போகிறோம். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் பேச நிறைய நேரம் கிடைக்கிறது.

வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் விசேஷத்துக்கு அழைக்க மாமியார் போன் செய்தால், வனிதாவிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்:

"மாப்ளயக் கூட்டிட்டு வர்றியா, ஏத்திட்டு வர்றியா?"