லைப்ரரி லிஸ்டில் போன மானம்

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், அது உண்மை. தப்பெல்லாம் நான் செய்ததுதான்.

வேங்கிக்காலில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பிசினஸ் கம்ப்யூட்டர். அதில் லைப்ரரி என்றால் புரோகிராம்களைப் போட்டுவைக்கும் அலமாரி. ஒரே பெயரில் இரண்டு அலமாரியில் புரோகிராம் இருந்தால், லிஸ்டில் எந்த அலமாரி மேலே இருக்கிறதோ அதிலிருப்பதுதான் ஓடும். (இதை மற்றவர்களுக்குப் பாடமாகவே நடத்துவேன். அதுதான் கொடுமை.)

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மூடுவதற்குள் வேன்கள் கிளம்பியாக வேண்டும். டெலிவரி சீட்டிலோ எல்லாச் சரக்கும் இரட்டிப்பாக அச்சாகிறது. அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள்.

லைவ் லைப்ரரியில், அதாவது அன்றாட வேலைக்கான அலமாரியில், சீட்டு அடிக்கும் புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். தப்பே இல்லை! இதுதான் ஓடுகிறதா என்று பார்க்க, சீட்டின் தலையில் அச்சாகும்படி இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "அண்ணாமலையாரே காப்பாத்து." வரவில்லை. "வேல போவப்போவுது." அதுவும் வரவில்லை. அழுகை முட்டியது. எதுவும்தான் வராதே என்ற தைரியத்தில், "இந்த மேனேஜர் உசுர வாங்குறான்" என்றும் அடித்தேன்.

குடோனிலிருந்து மேனேஜரின் போன். "ஏம்பா, ஓடுற புரோகிராம் எந்த லைப்ரரிலேர்ந்து வருது?"

"லைவ்லேர்ந்துதான் சார். அதுல என்ன சந்தேகம்?"

"பாத்தியா?"

பார்க்கவில்லை. ஓடும் வேலையைத் திறந்தால் புரோகிராம் பெயருக்குப் பக்கத்திலேயே லைப்ரரி பெயரும் இருக்கும். இருந்தது. என் பெயர்! முந்தின நாள் சோதனைக்காக நானே உண்டாக்கி, லிஸ்டின் உச்சியில் ஏற்றி, இறக்க மறந்த என் சொந்த லைப்ரரி. அளவை இரட்டிப்பாக்கி விளையாடிப் பார்த்த காப்பி அதில்தான் கிடந்தது.

அதை லிஸ்டிலிருந்து தூக்கினேன். சீட்டுகள் சரியான அளவோடு மளமளவென்று வந்தன. டிரைவர்கள் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். நான் நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

முதல் போன், கீழ்பென்னாத்தூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமனாரிடமிருந்து. "மாப்ள, சரக்கு கரெக்டா வந்துடுச்சு. சீட்டு மேல என்னமோ மூணு வரி போட்டுருக்குதே... நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இப்போது ஓடுவது லைவ் புரோகிராம். அந்த மூன்று வரியும் அதில்தான் இருந்தன. ஊர் ஊராகப் போய்விட்டன.

மேனேஜர் கத்தக்கூட இல்லை. "உன் உசுரு எனக்கு வேணாம்பா. ராஜினாமா மட்டும் குடுத்துட்டுப் போ."

இப்போது வேறு கம்பெனி. மாமனார் அந்தச் சீட்டுக்குக் கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பூ உண்டு. நான் கடைக்குள் கால் வைத்தால் போதும், சாமான் வாங்க நிற்பவர்கள் முன்னாலேயே விசாரிப்பார்:

"வாங்க மாப்ள. புது மேனேஜரு எப்டி, உசுர வாங்குறாரா?"